மூன்றாவது பலகை

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர், பஞ்சாலைப் பராமரிப்புப் பகுதியில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர், கொல்லையில் மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தைச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு, பொழுதுபோக்குக்கென ஒரு சிறு லேத் பட்டறை போட உத்தேசித்திருப்பதாகவும், முதலில் எதை வாங்குவது நலம் என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். கூடவே ஒரு விளம்பரத் துண்டையும் அனுப்பியிருக்கிறார். நாற்பது கிலோ எடையுள்ள அந்த மேஜை லேத்தை வாங்கி இறக்கிவிட்டால் வீடே தொழிற்சாலையாகிவிடும் என்றும், அதன் துல்லியம் நூறில் ஒரு மில்லிமீட்டர் என்றும் அதில் கண்டிருக்கிறது. எதை எதோடு ஒப்பிட்டு அளந்த துல்லியம் என்பதை மட்டும் அச்சிட மறந்துவிட்டார்கள். டிஜிட்டல் காலிப்பரின் திரையில் நூறில் ஒரு பங்கு தெரிகிறது என்பதற்காக அது அவ்வளவு சரியாக அளக்கிறது என்று எண்ணுவது, விநாடி முள் ஓடுகிற கடிகாரமெல்லாம் சரியான நேரம் காட்டும் என்று எண்ணுவதற்குச் சமானம்.

வைஸ், அரம், ஹேக்ஸா, ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு கிரைண்டர், கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவற்றை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லேத்துக்கு முன்னால் அவர் சம்பாதித்துக்கொள்ள வேண்டிய உபகரணம் ஒன்று உண்டு என்பது என் அபிப்பிராயம். மோட்டாரோ சக்கரமோ அசையும் பாகமோ இல்லாத அந்த உபகரணத்தைப் பட்டறைகளில் சர்ஃபேஸ் பிளேட் என்பார்கள். வெறும் சமதளப் பலகை. கோடு போடுவதும், மூலைமட்டத்தைச் சோதிப்பதும், டயல் கேஜை நிறுத்தி உயரம் ஒப்பிடுவதும் அதன் மேல்தான் நடக்கின்றன என்பதால், அது பொய் சொன்னால் பட்டறை முழுவதும் பொய் சொல்லும்.

சரி, அந்தப் பலகை சமமானது என்று யார் சொன்னது? நேர்கோல் வைத்துப் பார்த்தோம் என்றால், நேர்கோல் நேரானது என்பதற்கு என்ன பிரமாணம்? அதையும் வேறொரு சமதளத்தின் மேல் வைத்தே சரிபார்த்திருப்பார்கள். இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு பட்டறையில், தனக்கு முன் எந்த ஆதாரமும் இல்லாமல், ஒருவன் முதல் சமதளத்தைத் தானாகவே படைத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து சேர்கிறோம். அதை அவன் எப்படிச் செய்தான் என்பதில் எனக்குத் தீராத மோகம்.

இரண்டு வார்ப்பிரும்புப் பலகைகளை எடுத்து, ஒன்றின் மேல் நீலச் சாயத்தை மிக மெல்லிசாகத் தடவி, மற்றதை அதன் மேல் கவிழ்த்து இலேசாக உரசி எடுத்தால், எங்கெங்கே மேடு இருந்து தொட்டதோ அங்கெல்லாம் நீலம் ஒட்டியிருக்கும். அந்த மேடுகளை மாத்திரம் ஸ்கிரேப்பரால் சுரண்டிவிட்டு, மீண்டும் தடவி, மீண்டும் கவிழ்த்து, மீண்டும் சுரண்டி வந்தால், நாளடைவில் இரண்டும் பரஸ்பரம் இடைவெளியின்றிப் பொருந்திவிடும். பொருந்திவிட்டதனாலேயே இரண்டும் சமதளமாகிவிட்டன என்று சொல்ல முடியுமா? ஆட்டுக்கல்லும் குழவியும்கூட எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன! ஒன்றின் குழி மற்றதன் புடைப்பு, அவ்வளவுதான்.

நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர் புடைத்த இடத்திலெல்லாம் அந்த அம்மாள் குழிந்து கொடுத்து, வீட்டில் ஒரு மனஸ்தாபமும் இல்லை. எதைக் கேட்டாலும் இருவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். இரண்டும் தப்பாக இருக்கும். ஊரிலிருந்து நாத்தனார் வந்து ஒரு மாதம் தங்கினால்தான் சங்கதி வெளியாகும். அவளும் அண்ணனோடு வளர்ந்தவள், அவருக்குத் தக்கபடி குழிந்தவள். ஆகவே அண்ணனோடு அவளுக்குப் பேதமில்லை; ஆனால் அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்தால், இரண்டு குழிகளைக் கவிழ்த்து வைத்தாற்போல, விளிம்பில் மாத்திரம் உரசல். மூன்றாவது பலகை செய்கிற காரியம் இதுவே. முதற்பலகைக்குப் பொருத்திய இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றோடொன்று வைத்தால், ஒளிந்திருந்த குற்றம் இரட்டிப்பாகி ஓரத்தில் நீலமாகத் தெரிகிறது. அந்தக் குற்றத்தை இரண்டிலுமாகப் பங்கிட்டுச் சுரண்டி, அவற்றில் ஒன்றுக்கு முதற்பலகையைத் திருத்தி, இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். (உவமையை இதற்கு மேல் நீட்டினால் எனக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்காது.)

பள்ளிக் கணிதத்தில் இது ஒரு வரி. புடைப்புகளை அ, ஆ, இ என்று வைத்தால், அ+ஆ, ஆ+இ, இ+அ ஆகிய மூன்றும் பூஜ்யமாக வேண்டும். அ, ஆ, இ தனித்தனியே பூஜ்யமானாலன்றி அது சாத்தியமில்லை. தனித்தனியே சமம் என்று எவராலும் சாட்சி சொல்ல முடியாத மூன்று இரும்புத் துண்டுகள், ஒன்றையொன்று குறுக்கு விசாரணை செய்தே சமமாகிவிடுகின்றன.

ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொரித்த அப்பளத்தைப் போல எதிர்மூலைகள் இரண்டு தூக்கியும் மற்ற இரண்டு தாழ்ந்தும் மூன்று பலகைகளும் ஒரேவிதமாக முறுகியிருந்தால், அவை ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தி நம்மை ஏமாற்றிவிடும். மேலே இருப்பதைக் கால்வட்டம், அதாவது 90 டிகிரி, திருப்பி வைத்தால் மேட்டின் மேல் மேடு ஏறிக்கொண்டு குட்டு வெளிப்படும். இந்தத் திருப்பலைச் சொல்லாமல் விட்டுவிட்டு மூன்று பலகை ரகசியத்தை மாத்திரம் பிரமாதப்படுத்துகிற விளக்கங்களைக் கண்டால் எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு.

சரித்திரம் வேண்டுமென்பவர்களுக்காக: லண்டன் லாம்பெத்தில் ஹென்றி மாட்ஸ்லே நடத்திய பட்டறையில் வேலை செய்தவரான ஜோசப் விட்வொர்த், 1840-ல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில், பலகைகளை எமரிப் பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்ப்பதைவிடச் சுரண்டுவதே மேல் என்று வாதித்தார். திருகு மரைகளுக்கு 55 டிகிரி கோணம் விதித்தவரும் அவரே. மூன்று பலகை யுக்தி குருவுடையதா சிஷ்யனுடையதா என்ற வழக்கில் எனக்குச் சிரத்தையில்லை.

நானும் ஒரு காலத்தில் மூன்று வார்ப்பிரும்புத் துண்டுகளை வைத்துக்கொண்டு மாலை நேரங்களில் சுரண்டியவன்தான். சாயம் சற்றுத் தடித்துவிட்டால் மேடு பள்ளம் எல்லாமே நீலமாகி ஒன்றும் விளங்காது; போதிய அளவு மெலிந்துவிட்டால், தொட்ட இடத்தின் நடுவே நீலம் விலகி இரும்பு மினுக்கென்று தெரியும்; அந்த மினுக்கே உண்மையான மேடு. நீலம் பலகையோடு நிற்பதில்லை. கதவுப் பிடி, தலையணை உறை, காபி டம்ளர் என்று குடும்பம் முழுவதும் பரவும். என் மேஜை மேற்கு ஜன்னலோரம் இருந்தது. மாலையில் நடுவே புடைப்பாகத் தெரிந்ததைச் சுரண்டினால், காலையில் அதே இடம் குழியாக இருந்தது. இப்படி ஒரு வாரம் போன பிறகே காரணம் புலப்பட்டது. வார்ப்பிரும்பு ஒரு டிகிரி உஷ்ணத்துக்கு மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரான் விரிகிறது. 300 மி.மீ. நீளமும் 50 மி.மீ. கனமும் உள்ள பலகையில், மேற்புறம் கீழ்ப்புறத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடேறினால் நடுப்பகுதி ஏறத்தாழ இரண்டரை மைக்ரான் புடைக்கும். ஸ்கிரேப்பரின் ஒரு சுரண்டலில் போவதும் சில மைக்ரான்தான். இரும்பை என்று நினைத்து, நான் வெயிலைச் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவ்வளவு பொறுமை எல்லோருக்கும் வேண்டுமென்பதில்லை. கருங்கல் பலகை விலைக்குக் கிடைக்கிறது. இரும்பில் அடிபட்டால் பள்ளத்தைச் சுற்றிக் கரை எழும்பிச் சமம் கெடும்; கல்லில் சில்லு பெயர்வதோடு சரி. ஆரம்பத்துக்கு 12 மி.மீ. தடிமனுள்ள மிதவைக் கண்ணாடித் துண்டுகூடப் போதும். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்தபடியே உறைவதால் அதன் முகம் வியக்கத்தக்க அளவு சமமாக அமைந்துவிடுகிறது. எதை வாங்கினாலும் நான்கு காலில் நிறுத்தலாகாது. அடுப்புக்கு மூன்று கல் வைத்த நம் பாட்டிமார் அறிந்த விஷயம் இது: மூன்றின் மேல் நிற்பது ஆடாது, தரை எப்படியிருந்தாலும் முறுகாது.

லேத் வந்து இறங்கிய பிறகும் இதே முறுக்குதான் பகை. கோணிய மேஜையில் போல்ட்டை இறுக்கினால் லேத்தின் படுகையும் கூடவே கோணும். நம் வாசகர் சக்கில் தடித்த கம்பி ஒன்றைப் பிடித்து, இரு முனைகளிலும் இரண்டு வளையங்களை விட்டு, கிராஸ் ஸ்லைடை நகர்த்தாமல் ஒரே மெல்லிய வெட்டாக இரண்டையும் கடைந்து, மைக்ரோமீட்டரால் விட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வித்தியாசம் தெரிந்தால், விளம்பரத்தை எடுத்து வைத்துவிட்டு, ஒரு காலின் கீழ் மெல்லிய தகடு சொருகி மறுபடி கடையட்டும்.

பலகைக்கு ஒரு மரமூடி அவசியம். மூடாமல் விட்ட ஒரு மழைக்கால இரவில் யாரோ வைத்த டம்ளரின் துருவளையம் என் பலகையில் இன்னும் இருக்கிறது. பள்ளமாதலால் அளவை அது கெடுப்பதில்லை. மேடாக இருந்திருந்தால் இன்னொரு வாரம் சுரண்டியிருப்பேன்.