கான்கிரீட்டுத் தளத்தில் கம்பி இருக்க வேண்டிய இடம்

கிராமத்துக் கூட்டுறவுச் சங்கமொன்று தானியக் கிடங்கு கட்ட முற்படுங்கால், அங்கத்தினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணம் அதில் இறங்குகின்றது. சிமெண்டு எத்தனை மூட்டை, கம்பி எத்தனை டன் என்று கணக்குக் கேட்க அவர்கள் தவறுவதில்லை. ஆனால் அக்கம்பி தளத்தின் எந்தப் பாகத்தில் வைக்கப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. கணக்கிற் கண்ட கம்பி முழுவதும் தளத்தினுள் இருந்தாலும், இடம் மாறி இருப்பின், அது இல்லாததற்கே ஒப்பாகும். பொருளுக்கு மட்டுமன்றி உயிருக்கும் சேதம் விளைவிக்கக் கூடியதாகையால், இவ்விஷயத்தின் அடிப்படைத் தத்துவத்தை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர் ஆகிய நான்கும் கலந்து இறுகியதே கான்கிரீட்டு. கல்லைப் போலவே அது அமுக்கத்தைத் தாங்குவதில் மிகவும் வலியது; இழுப்பைத் தாங்குவதிலோ மிகவும் மெலிந்தது. அமுக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்திலொரு பங்குதான் இழுப்பைத் தாங்க அதற்கு உண்டு. உருக்குக் கம்பியோ இழுப்பை நன்கு தாங்கும். ஆகவே அமுக்கம் நேரும் இடத்தைக் கான்கிரீட்டிடமும், இழுப்பு நேரும் இடத்தைக் கம்பியிடமும் ஒப்புவிப்பதே கம்பி பொதிந்த கான்கிரீட்டின் தத்துவமாகும்.

இழுப்பு எங்கே நேருகின்றது என்பதை ஒரு வாழைத்தண்டைக் கொண்டு அறியலாம். தண்டை இரண்டு செங்கற்களின் மேல் பாலம்போல் வைத்து, நடுவில் மேற்புறம் ஒன்றும் அடிப்புறம் ஒன்றுமாகக் கத்தியால் இரண்டு கீறல் இடுக. நடுவில் அமுக்கினால் மேற்கீறல் மூடிக் கொள்ளும். அடிக்கீறல் வாய் திறக்கும். மூடிய இடத்தில் அமுக்கம். திறந்த இடத்தில் இழுப்பு. இரு சுவர்களின் மேல் தங்கிய தளமும் இவ்வாறே வளைவதால், அதற்குரிய பிரதானக் கம்பி அடிப்புறத்தில் இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மை தொடக்கத்தில் எல்லோருக்கும் விளங்கியதன்று. பிரான்சு தேசத்தில் தோட்டக் கலைஞராயிருந்த ஜோசப் மோனியே என்பவர், இரும்பு வலையைச் சிமெண்டில் பொதிந்து செடித்தொட்டிகள் செய்யும் முறைக்கு 1867ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றார். ஜெர்மனி தேசத்து எஞ்சினீயர் மத்தியாஸ் கேனன், இழுப்பு நேரும் பக்கத்திலேயே இரும்பு இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு 1886ஆம் வருஷத்தில் வெளியிட்டார். அதன்பின் கம்பியின் அளவையும் இடத்தையும் முன்கூட்டியே கணிக்கும் சாத்திரம் வளர்ந்தது.

இனி அதே வாழைத்தண்டின் ஒரு நுனியை மேசையோரத்தில் அழுத்திப் பிடித்து, மறு நுனியை வெளியே நீட்டி அமுக்குக. மேசையோரத்தில் இட்ட கீறல்களில் இப்போது மேற்கீறலே வாய் திறக்கும். சுவரினின்று வெளியே நீண்டு நிற்கும் வெயில் மறைப்புக்கும் முன்றில் தளத்துக்கும் இதுவே நியதி. அவற்றின் கம்பி மேற்புறத்தில் இருப்பதோடு, சுவருக்கு உட்பக்கமாகவும் போதிய தூரம் சென்று பதிந்திருக்க வேண்டும். ஒரே தளம் நடுச்சுவரொன்றைக் கடந்து செல்லுமாயின், அச்சுவரின் மேலும் மேற்கம்பி தேவை.

மேற்கம்பி குறைந்தால் நேருவதற்கு உலகப் புகழ் பெற்ற கட்டடமே சான்றாகும். அமெரிக்க தேசத்துப் பென்ஸில்வேனியாவில், ஃபிராங்க் லாயிட் ரைட் என்னும் சிற்பி வகுத்த 'ஃபாலிங்வாட்டர்' மாளிகை 1930-களின் பிற்பகுதியில் எழுந்தது. அதன் மேடை ஓர் ஓடையின் மீது ஏறக்குறைய 4½ மீட்டர் நீண்டு நிற்பது. தாங்கும் உத்திரங்களில் மேற்கம்பி போதாமையால், பலகையைப் பிரித்தவுடனே அது தாழத் தொடங்கிப் பின்னர் நுனி ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. 2002ஆம் வருஷத்தில் உருக்கு வடங்களை இழுத்துக் கட்டியே அதனை நிலைநிறுத்தினர்.

கம்பியின் ஆழமும் கவனிக்கத் தக்கது. துலாவின் கை நீண்டால் சிறு பாரமும் பெரும் பாரத்தைத் தூக்குவதுபோல, அமுக்கம் ஏற்கும் பக்கத்தினின்று கம்பி எவ்வளவு விலகி நிற்கின்றதோ அவ்வளவுக்கு அதன் பலன் மிகும். 120 மில்லிமீட்டர் கனமுள்ள வெயில் மறைப்பில், அடிமட்டத்திலிருந்து 95 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி, வேலையாட்கள் மிதித்ததால் 65 மில்லிமீட்டருக்கு இறங்கினால், தாங்கும் வலுவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போய்விடும். நீளமும் அவ்வாறே: தளத்தின் பாரம் சதுர மீட்டருக்கு ஒன்றாகவே இருக்க, சுவர்களின் இடைவெளி இருமடங்கானால், தளத்தை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். ஆகையால் பக்கத்து ஊர்க் கிடங்கின் அளவைப் பார்த்து இங்கும் அதே கம்பி போதும் என்று தீர்மானிப்பது அபாயகரமானது.

கம்பியும் கான்கிரீட்டும் வெப்பத்தினால் ஏறக்குறைய ஒரே அளவாக நீளுவதாலேயே வெயிலிலும் குளிரிலும் பிரியாமல் உறவாடுகின்றன. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருவினின்று காக்கின்றது. ஆனால் கம்பியைப் போர்த்திய கான்கிரீட்டு மெலிந்தால் ஈரமும் காற்றும் உட்புகும். துரு தான் தின்ற இரும்பினும் அதிக இடம் கொள்வதால் தளம் வெடித்து உதிரும். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதியின் 2000ஆம் வருஷத்துப் பதிப்பு, இப்போர்வைக்குச் சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டரும், நடுத்தரச் சூழலில் 30 மில்லிமீட்டரும், கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டரும் விதித்தது.

தண்ணீரும் அளவோடு இருத்தல் வேண்டும். கலவை எளிதில் ஓட வேண்டுமென்று மிகுதியாய் ஊற்றும் தண்ணீர், பின்னர் ஆவியாகிக் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுச் செல்லும். இறுகிய பின்போ தண்ணீர் மிக அவசியம். தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்தி, சாதாரணச் சிமெண்டாயின் ஏழு நாளேனும், கலப்புச் சிமெண்டாயினும் கடுங்கோடையாயினும் பத்து நாளேனும் ஈரம் காத்தல் வேண்டும். வெளியே நீண்ட தளத்தின் முட்டுகளை நுனியிலிருந்து தொடங்கிச் சுவர்ப் பக்கமாகப் பிரிக்க வேண்டும்.

கம்பியின் அளவைக் கணிப்பது எஞ்சினீயரின் கடமை. அது வரைபடத்திற் கண்டபடி வைக்கப்பட்டதா என்று பார்ப்பது சங்கத்தாருக்கும் இயலும். கான்கிரீட்டு போடுவதற்கு முந்திய நாள் பஞ்சாயத்தாரில் இருவர் வரைபடத்தோடு பலகைமேல் ஏறி, அடிக்கம்பியின் கீழ்க் கட்டைகள் உள்ளனவா, நீண்ட தளத்தின் மேற்கம்பி வளைத்த கம்பிக் கால்களின்மீது உயர்ந்து நிற்கின்றதா, அது சுவருக்குள் போதிய தூரம் சென்றுள்ளதா என்று பார்ப்பார்களாக. குறை கண்டால் எஞ்சினீயர் வந்து திருத்தும்வரை வேலையை நிறுத்துக. அன்று கம்பி கண்ணுக்குத் தெரியும். மறுநாள் மாலைக்குப் பின் அதனை ஒருவரும் காணார். ஒருநாள் கூலி நஷ்டம் பெரிதன்று. கிடங்கின் கீழே நிற்கப் போகிறவர்கள் சங்கத்தின் அங்கத்தினர்களும் அவர்களுடைய மக்களுமே ஆவர்.