பத்துத் தடைகள்

சீனாவில் ஹாங்சோ என்று ஒரு நகரம். 2023ஆம் ஆண்டு, அக்டோபர் 1ஆம் தேதி. அங்கே ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்கிறது. பெரிய மைதானம். சுற்றிலும் கூட்டம்.

ஓடுதளத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை. ஒவ்வொரு பாதையிலும் பத்துத் தடைகள். ஓட வேண்டிய தூரம் 100 மீட்டர். இதுதான் பெண்கள் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டி.

அவர்களில் ஒருவர் இந்தியப் பெண். பெயர் ஜோதி யர்ராஜி. வயது 24.

எல்லோரும் குனிந்து கையை ஊன்றினார்கள். துப்பாக்கி வெடித்தால் ஓட வேண்டும். ஆனால் அதற்கு முன்பே பக்கத்துப் பாதைப் பெண் கிளம்பிவிட்டார். அவர் சீனாவின் வூ யான்னி. அவர் கிளம்பியதும் ஜோதியும் எழுந்துவிட்டார். ஓட்டத்தை நிறுத்தினார்கள்.

நடுவர்கள் வந்தார்கள். ஜோதியும் தவறு செய்தார் என்றார்கள். போட்டியிலிருந்து வெளியேற வேண்டும் என்றார்கள்.

எத்தனை ஆண்டு உழைப்பு! ஒரு நொடியில் எல்லாம் போய்விடுமா? ஜோதி என்ன செய்தார்?

அதற்கு முன் இந்த ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ஜோதி யார் என்றும் பார்ப்போம்.

படலிலிருந்து வந்த பந்தயம்

ஆட்டுப் பட்டியைப் பார்த்திருப்பீர்கள். படல் வைத்து அடைத்திருப்பார்கள். இங்கிலாந்து நாட்டிலும் ஆட்டுப் பட்டிக்குப் படல் உண்டு. அந்தப் படலைத் தாண்டி ஓடுவதில் பிறந்ததுதான் இந்தப் பந்தயம்.

அந்தக் காலத்துத் தடைகள் கனமானவை. கால் பட்டால் அடிபடும். ஓடுபவர் விழுவார். இப்போது இருக்கும் தடை அப்படி இல்லை. அதன் அடிக்கட்டை ஓடி வருபவர் பக்கம் நீட்டியிருக்கும். கால் இடித்தால் தடை முன்பக்கம் சாய்ந்துவிடும்.

தடை சாய்ந்தால் தோல்வியா? இல்லை. தெரியாமல் தட்டிவிட்டால் குற்றம் இல்லை. ஆனால் தட்டினால் வேகம் குறையும். அதுவே தண்டனை. கையால் தள்ளினால் வெளியேற்றுவார்கள்.

பெண்களுக்கான தடையின் உயரம் 83.8 செண்டிமீட்டர். அதாவது 2 அடி 9 அங்குலம். சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம் உயரம்.

புறப்படும் இடத்திலிருந்து 13 மீட்டர் தூரத்தில் முதல் தடை. அடுத்தடுத்த தடைகளுக்கு நடுவில் எட்டரை மீட்டர். கடைசித் தடையைத் தாண்டிய பிறகு பத்தரை மீட்டர் ஓட வேண்டும். கூட்டிப் பாருங்கள். சரியாக 100 மீட்டர் வரும்.

இது குதிக்கிற பந்தயம் இல்லை. உயரமாகக் குதித்தால் காற்றில் நேரம் வீணாகும். ஆகவே தடையை ஒட்டியே தாண்ட வேண்டும். முன்கால் நீண்டு தடையைக் கடக்கும். பின்கால் பக்கவாட்டில் மடங்கி வரும். தலை அதிகம் ஏறி இறங்கக் கூடாது. முதல் தடைக்கு முன் பெரும்பாலும் எட்டு அடி வைப்பார்கள். பிறகு இரண்டு தடைகளுக்கு நடுவில் மூன்றே அடி. ஓர் அடி தப்பினால் தாளம் தப்பிவிடும்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடை ஓட்டம் 1932இல் வந்தது. அப்போது தூரம் 80 மீட்டர்தான். 1972இல்தான் அது 100 மீட்டர் ஆனது.

ஒரு விநாடியில் நூறு பங்கு

இந்த ஓட்டத்தில் நேரத்தை எப்படி எழுதுகிறார்கள்? 13.38 விநாடி என்று எழுதுவார்கள். 13 விநாடி முழுதாக ஆனது. அதற்கு மேல் ஒரு விநாடியை நூறு பங்காக்கினால் அதில் 38 பங்கு ஆனது. இதுதான் அர்த்தம்.

நூறில் ஒரு பங்கு என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் நடந்தது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் நாட்டின் பி.டி.உஷா ஓடினார். அவருக்கு நான்காம் இடம் கிடைத்தது. மூன்றாம் இடம் வந்தவருக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் விநாடியில் நூறில் ஒரு பங்குதான். அதனால் பதக்கம் போனது.

காவலாளியின் மகள்

ஜோதி 1999இல் ஆந்திராவில் விசாகப்பட்டினத்தில் பிறந்தார். அப்பா காவலாளி வேலை செய்தார். அம்மா வீட்டு வேலைக்குப் போனார். மருத்துவமனையில் துப்புரவு வேலையும் பார்த்தார். வருமானம் குறைவு.

ஜோதி பள்ளியில் படித்தபோது உயரமாக இருந்தார். உடற்கல்வி ஆசிரியர் அதைக் கவனித்தார். தடை ஓட்டத்துக்கு ஏற்ற பெண் என்று நினைத்தார். அப்படித்தான் ஜோதி முதல் தடையைத் தாண்டினார். பிறகு ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றார். அதன் பிறகு ஒடிசாவின் புவனேஸ்வருக்குப் போனார். அங்கே ஜேம்ஸ் ஹில்லியர் என்பவர் பயிற்சி கொடுத்தார்.

இந்த ஓட்டத்தில் அப்போது இந்தியச் சாதனை 13.38 விநாடியாக இருந்தது. ஒடிசாவைச் சேர்ந்த அனுராதா பிஸ்வால் 2002இல் ஓடிய நேரம் அது. பல ஆண்டுகள் அதை யாரும் முறியடிக்கவில்லை.

ஓடியும் கணக்கில் வரவில்லை

2020ஆம் ஆண்டு. கர்நாடகத்தில் மூடபித்ரியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே போட்டி. ஜோதி 13.03 விநாடியில் ஓடினார். பழைய சாதனையைவிட எவ்வளவோ வேகம். ஆனால் அதைச் சாதனையாக ஏற்கவில்லை.

ஏன்? சாதனை செய்தவருக்கு ஊக்கமருந்துச் சோதனை நடக்க வேண்டும். அது நடக்கவில்லை. தடகளச் சம்மேளனத்தின் அதிகாரியும் அங்கே இல்லை. இரண்டுமே ஜோதியின் தவறு இல்லை. ஆனாலும் அந்த நேரம் ஏட்டில் ஏறவில்லை.

2022 ஏப்ரல். கேரளத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழக மைதானம். ஜோதி 13.09 விநாடியில் ஓடினார். அதையும் ஏற்கவில்லை. இந்த முறை காரணம் காற்று.

முதுகுப் பக்கமிருந்து காற்று அடித்தால் ஓடுவது எளிது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது தெரியும். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பின்காற்றின் வேகம் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் அது சாதனை ஆகாது. அன்று காற்றின் வேகம் 2.1 மீட்டர். ஒரே ஒரு புள்ளி கூடிவிட்டது.

இரண்டு முறை கைக்கு எட்டியது. இரண்டு முறையும் கை நழுவியது. ஜோதி ஓட்டத்தை விடவில்லை.

அடுத்த மாதமே, 2022 மே 10ஆம் தேதி, சைப்ரஸ் நாட்டில் ஓடினார். 13.23 விநாடி. முன்பு ஓடிய இரண்டையும்விட மெதுவான நேரம்தான். ஆனால் இந்த முறை காற்று உதவவில்லை. விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. 20 ஆண்டுச் சாதனை முறிந்தது.

அதே மே மாதத்தில் அவர் தம் சாதனையைத் தாமே இரண்டு முறை முறியடித்தார். அக்டோபரில் பெங்களூரில் 12.82 விநாடியில் ஓடினார். 2023 ஜூலையில் பாங்காக் நகரில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. அதில் தங்கப் பதக்கம் பெற்றார். இந்த ஓட்டத்தில் அங்கே தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

மீண்டும் ஹாங்சோ

இப்போது ஹாங்சோ மைதானத்துக்குத் திரும்புவோம்.

துப்பாக்கி வெடிக்கும் முன் ஓடினால் என்ன தண்டனை? முன்பெல்லாம் ஒரு முறை மன்னிப்பு உண்டு. 2010 முதல் அது இல்லை. முதல் தவறுக்கே வெளியேற வேண்டும்.

துப்பாக்கி ஒலி காதில் விழுந்து உடம்பு அசையச் சிறிது நேரம் ஆகும். விநாடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகும் என்பது விதியின் கணக்கு. அதற்கு முன் அசைந்தால் தவறு. இதைக் கண்டுபிடிக்க, கால் வைக்கும் கட்டையிலேயே கருவி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் முந்திக் கிளம்புகிறார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரும் அசைந்துவிடுகிறார். அப்போது முதலில் கிளம்பியவர்தான் பொறுப்பு. அவரால் அசைந்தவரைத் தண்டிக்கக் கூடாது.

ஜோதிக்கு இது தெரியும். அவர் அழுதுகொண்டு வெளியே போகவில்லை. சண்டையும் போடவில்லை. தாம் முதலில் கிளம்பவில்லை என்று நடுவர்களிடம் எடுத்துச் சொன்னார். நடந்ததைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். நீண்ட நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் இருவரும் ஓடலாம், முடிவைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள்.

அந்த நிலையில் ஓடுவது எளிதா? மனம் கலங்கியிருக்கும். உடம்பு ஆறிப்போயிருக்கும். ஓடிய பிறகும் பதக்கம் நிற்குமா என்று தெரியாது. ஆனாலும் மறுபடி குனிந்து கையை ஊன்றினார். துப்பாக்கி வெடித்தது. பத்துத் தடைகளையும் தாண்டினார்.

சீனாவின் லின் யூவெய் 12.74 விநாடியில் முதலில் வந்தார். வூ யான்னி இரண்டாவதாக வந்தார். ஜோதி 12.91 விநாடியில் மூன்றாவதாக வந்தார்.

இந்திய அணியின் அதிகாரிகள் முறையீடு செய்தார்கள். நடுவர்கள் மறுபடி ஆராய்ந்தார்கள். முதலில் கிளம்பியவர் வூ யான்னி என்று முடிவு செய்து அவரை நீக்கினார்கள். ஜோதிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. வெண்கலம் ஜப்பானின் தனாகா யூமிக்குப் போனது.

விளையாட்டிலும் மனுக் கொடுக்க முறை இருக்கிறது. முதலில் நடுவரிடம் வாயால் சொல்லலாம். அவர் முடிவு சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பணமும் கட்ட வேண்டும். முறையீடு தோற்றால் அந்தப் பணம் திரும்பி வராது.

அதன் பிறகு

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜோதி ஓடினார். ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தில் ஓடிய முதல் இந்தியப் பெண் அவர். ஆனால் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. உலகச் சாதனை 12.12 விநாடி. நைஜீரியாவின் டோபி அமுசன் 2022இல் ஓடியது. அந்த இடத்துக்குப் போக இன்னும் தூரம் இருக்கிறது.

2025 மே மாதம் தென்கொரியாவில் குமி நகரில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. ஜோதி 12.96 விநாடியில் ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுதான் மிக வேகமான நேரம்.

ஓடுதளத்தில் பத்துத் தடைகள்தான் கண்ணுக்குத் தெரியும். அவற்றின் உயரமும் தூரமும் எல்லோருக்கும் ஒன்று. ஜோதிக்கு அவை மட்டும் தடையாக இருக்கவில்லை. வறுமை, காற்று, ஏட்டில் ஏறாத நேரம், தவறான தீர்ப்பு என்று வேறு தடைகளும் வந்தன. அவற்றின் உயரத்தை யாரும் அளந்து வைக்கவில்லை.

பேசிப் பாருங்கள்

1. காற்று கொஞ்சம் கூடியதால் ஜோதியின் சாதனையை ஏற்கவில்லை. இது சரியா?

2. ஹாங்சோவில் ஜோதி பேசாமல் வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. உங்களுக்குத் தவறான தீர்ப்புக் கிடைத்தது உண்டா? அப்போது யாரிடம் போனீர்கள்? என்ன கேட்டீர்கள்?