முந்திரி ஓடும் பி300 புரதமும்

வாகன உதிரிபாகங்களுக்குப் பேர்போன அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரேக் லைனிங்கும் தயாராகிறது. உராய்ந்து சூடேறினாலும் பிடிமானம் குறையாமலிருக்க, முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் பிசினையும் பொடியையும் லைனிங்கில் சேர்ப்பது இத்தொழிலில் உலகெங்கும் உள்ள வழக்கம். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கறுக்கவைத்துப் புண்ணாக்குவதும் இதே எண்ணெய்தான். அதற்குப் பயந்தே கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்கிறார்கள்.

பச்சை எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். சூடாக்கினால் அது கார்டனாலாக மாறிவிடும். ஆலைக்கு வேண்டியது கார்டனால். பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் தபஸ் குண்டுவின் குழு எடுத்துக்கொண்டதோ அமிலத்தை. பி300 என்ற புரதத்தின் வேலையை அது தடுப்பதாக 2003-ல் அந்தக் குழு அறிவித்தது.

அப்படி என்ன வேலை?

பொதுவாக நம் செல் ஒன்றில், நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும் டி.என்.ஏ. இருக்கிறது. ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின்மேல், கண்டில் சுற்றிய நூலைப் போல, அது சுற்றிக்கிடக்கிறது. இந்தக் கட்டுமானம்தான் குரோமாட்டின். சுற்று இறுகியிருக்கும் இடத்தில் உள்ள மரபணுவைச் செல்லால் எளிதில் படிக்க முடியாது. பி300-ம் அதன் உடன்பிறப்பான சிபிபி-யும் ஹிஸ்டோனின் வால்பகுதியில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டுகின்றன. உடனே வாலின் நேர்மின்னூட்டம் குறைகிறது, டி.என்.ஏ. மீதான பிடி தளர்கிறது, மரபணு படியெடுக்கப்படுகிறது. ஒரே டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு ஈரல் ஈரலாகவும் மூளை மூளையாகவும் இருப்பதில் இத்தகைய புரதங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவை குறைந்தால் உடல் தாங்காது. சிபிபி மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும், ரூபின்ஸ்டைன்-டேபி என்ற பிறவிக் குறைபாடு வரும்: அகன்ற கட்டைவிரல், மந்தமான வளர்ச்சி, கற்பதில் சிரமம். இந்தத் தொடர்பு தெரியவந்தது 1995-ல். மறுபக்கம், சில புற்றுநோய்களில் பி300 அளவுமீறி உழைக்கிறது. தடுப்பானைத் தேடுவது அதனால்தான்.

மஞ்சளிலுள்ள குர்க்குமினும் பி300-ஐத் தடுப்பதாக 2004-ல் அதே குழு காட்டியது. ஆனால் சோதனைக்குழாயில் நடப்பதெல்லாம் சாம்பார் வழியாக நடந்துவிடாது. குர்க்குமினைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. 120-க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளுக்குப் பிறகும், முறையான ஒப்பீட்டுச் சோதனை எதிலும் அது தேறவில்லை என்று 2017-ல் வேதியியலாளர்கள் எழுதினார்கள். பி300, சிபிபி இரண்டையும் குறிவைத்துத் தடுக்கும் ஏ-485 என்ற மூலக்கூறு அதே ஆண்டு வெளிவந்தது. அது ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த செயற்கைப் பொருள்.

மரபணுவைச் சீராக்கும் என்று சொல்லி யாராவது மஞ்சள் மாத்திரை விற்றால், காசைக் கொடுக்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.