பவுத்திர ரணம் ஆறும் காலம்

ஆசனவாயை அடுத்துக் கட்டி கிளம்பி உடைந்து, பிறகு மூடாமல் சீழ் கசிந்துகொண்டேயிருக்கும் நோய்க்குப் பவுத்திரம் என்று பெயர். மூலம் வேறு, இது வேறு. பெரும்பாலும் ஆசனவாயின் உட்புறத்திலுள்ள சிறு சுரப்பி ஒன்றில் கிருமி புகுந்து, அங்கிருந்து வெளித்தோல் வரையில் ஒரு வளை உண்டாகிவிடுகிறது. களிம்பினாலும் மாத்திரையினாலும் இந்த வளை அடைபடுவது அரிது. அறுவைச் சிகிச்சையே வேண்டியிருக்கிறது. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பலர், அதற்குப் பின் வரும் நாட்களிலேதான் மனம் கலங்கிப் போகிறார்கள். புண்ணைத் தைக்காமல் அனுப்பிவிட்டார்களே என்பது அவர்களுடைய முதற் குறை.

தைக்காததன் காரணம் குடியானவர்களுக்கு எளிதில் விளங்கும். வரப்பில் நண்டு வளை விழுந்தால், அதன் வாயில் மட்டும் சேற்றை அப்பிவிட்டு வீடு திரும்பும் விவசாயி உண்டா? உள்ளே நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். மறுநாள் வேறோர் இடத்தில் உடைப்பெடுக்கும். வளையை வெட்டித் திறந்து, அடியிலிருந்து மண்ணிட்டு மிதித்து வந்தால்தான் வரப்பு நிற்கும். டாக்டரும் அவ்வாறே வளையைக் கீறித் திறந்து விடுகிறார். அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து மேலே வரவேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் உள்ளே சீழ் தங்கி நோய் திரும்பும். ஆகையால் இந்த ரணம் ஆறுவதற்குச் சாதாரணமாக 4 முதல் 8 வாரங்கள் ஆகின்றன. வளை ஆழமாகவோ கிளைவிட்டோ இருந்தால் 3 மாதங்களும் ஆகலாம். அதுவரை துணியில் மஞ்சள் நீரும் சிறிது இரத்தமும் படுவது இயல்பே.

பிரான்ஸ் தேசத்து மன்னர் பதினான்காம் லூயி 1686 நவம்பர் 18ஆம் தேதி இதே அறுவையைச் செய்துகொண்டார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. டிசம்பரில் மறுபடியும் கத்தி வைக்க நேர்ந்தது. 1687 ஜனவரியில்தான் குணமடைந்தார். அரண்மனை வைத்தியமும் ரணத்தை அவசரப்படுத்த முடியவில்லை!

மலத்தை அடக்கும் தசையினூடே வளை சென்றிருந்தால், அதை ஒரேயடியாக வெட்டாமல் நூல் கோத்துவிடுவதுண்டு. கள்ளிப்பால், நாயுருவி உப்பு, மஞ்சள் ஆகியவை பூசிய நூலைக் கோக்கும் ஆயுர்வேத முறைக்குக் க்ஷார சூத்திரம் என்று பெயர். அந்த நூலை வாரந்தோறும் மாற்றுவார்கள். நூல் தொங்குகிறதே என்று வீட்டிலே அதை அறுத்தெறிவது பெருந்தவறு.

ரணத்தைவிட மலம் கழிக்கும் பயமே நோயாளியை அதிகம் வாட்டுகிறது. வலிக்கு அஞ்சி அவர் ஆகாரத்தைக் குறைக்கிறார், உந்துதலை அடக்குகிறார், மலம் இறுகுகிறது, வலி இரட்டிப்பாகிறது. செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது. கேழ்வரகு, கீரை, அவரை, வாழைத்தண்டு, கொய்யா இவற்றைத் தாராளமாக உண்ணலாம். தண்ணீரும் மோரும் நிறையப் பருகவேண்டும். டாக்டர் கொடுத்த மலமிளக்கியை நிறுத்தலாகாது. முக்குவதும் நெடுநேரம் குந்தியிருப்பதும் வேண்டா. கழித்தபின் வாயகன்ற பாத்திரத்தில், கை பொறுக்கும் வெந்நீர் விட்டு 10 அல்லது 15 நிமிஷம் அமர்ந்திருந்தால் தசை தளர்ந்து வலி தணியும். நாளைக்கு இரண்டு மூன்று தடவை இவ்வாறு செய்து, மெல்ல ஒற்றித் துடைத்து, சுத்தமான துணி வைத்தால் போதும். சாம்பல், பச்சிலை, எருக்கம்பால் எதையும் ரணத்தில் வைக்கக்கூடாது. பீடி, சுருட்டு ரணம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். நீரிழிவுக்காரர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கவேண்டும்.

நாள்தோறும் கண்ணாடி பிடித்து ரணத்தைச் சோதிப்பது கவலையையே வளர்க்கும். விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்ப்பாரில்லை. வாரத்துக்கு ஒருமுறை நர்ஸோ டாக்டரோ பார்க்கட்டும். சென்ற வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டால் முன்னேற்றம் தெரியும். தூக்கம் கெட்டு, மனச்சோர்வு நீடித்தால் அதையும் டாக்டரிடம் கூசாமல் சொல்லவேண்டும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் ஏறும் வலி, புதிய வீக்கம், துணி நனைந்து வழியும் இரத்தம், சிறுநீர் இறங்காமை, மலம் தன்னையறியாமல் கழிதல் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மாதங்கள் கடந்தும் ரணம் ஆறாவிடில், உள்ளே வளை எஞ்சியிருக்கிறதா, காசநோய் காரணமா என்று சோதிப்பார்கள். இதற்கிடையே, கத்தியின்றி ஒரே ஊசியில் குணம் என்று பலகை மாட்டியிருக்கும் போலி வைத்தியர்களை நாடுவோர் பணத்தோடு உடம்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் வேலையுண்டு. வெட்கத்தால் இந்நோயைச் சொல்லாமலிருப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், ஏராளம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்களை அனுப்பிவைக்கலாம். சிகிச்சை பெற்றவர் முதல் இரண்டு வாரங்கள் வீட்டைச் சுற்றி நடந்தால் நல்லதே. ஆனால் டாக்டர் அனுமதிக்கும்வரை பாரம் தூக்குவதும், உழுவதும், சேற்றில் இறங்குவதும் கூடாது. நடவு சமயமாயிருந்தால் அவர் வயலுக்கு அயலார் முறைவைத்து ஆள் அனுப்ப அங்கத்தினர் பேசி முடிக்கலாம். வேலை நின்றுபோகிறதே என்ற கவலையில் ரணம் ஆறுமுன் மண்வெட்டியைத் தூக்கியவர்கள் பலர்.