தாளில் முதலில் எரிந்த கோட்டை

அகிரா குரோசாவாவின் ‘ரான்’ 1985இல் திரைக்கு வந்தபோது அவருக்கு வயது 75. ஜப்பானில் அதுவரை எடுக்கப்பட்ட படங்களில் அதிகச் செலவு பிடித்தது அதுதான். ஒரு கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் ஆயிற்று. சுமார் 1,400 துணை நடிகர்கள், 200 குதிரைகள், கையாலேயே தைத்த உடைகள், எரிப்பதற்கென்றே எழுப்பிய ஒரு கோட்டை. இந்த வயதில் இது எப்படிச் சாத்தியமானது என்று கேட்டால், ‘எல்லாம் அனுபவம்தான்’ என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் போதாது. அனுபவம் அவரிடம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே நிறைந்திருந்தது. ‘ரான்’ இன்றைய வடிவத்தைப் பெற்றது, படமெடுக்க வழியில்லாமல் இருந்த காலத்தில் அவர் செய்த வேலையால்தான்.

அந்தக் காலம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு அவருடைய படங்களின் எண்ணிக்கையே சாட்சி. 1943 முதல் 1965 வரை 23 படங்களை இயக்கியவர், அதற்குப் பிறகு 1993 வரை இயக்கியது ஏழே படங்கள். தொலைக்காட்சியின் வரவால் ஜப்பானிய ஸ்டுடியோக்கள் தளர்ந்துபோயின; நேரமும் பணமும் அதிகம் கேட்கும் இயக்குநரை அவை ஒதுக்கின. ஹாலிவுட்டின் ‘டோரா! டோரா! டோரா!’ படத்திலிருந்து அவர் விலக்கப்பட்டார். 1970இல் எடுத்த ‘டொடெஸ்காடென்’ வசூலில் தோற்றது. 1971இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அவரை மீட்டது சோவியத் நாட்டில் எடுத்த ‘டெர்சு உசாலா’. அது ஆஸ்கர் பெற்ற பிறகும் சொந்த நாட்டில் அவருக்காகப் பணப்பெட்டி எளிதில் திறக்கவில்லை. ‘ரான்’ திரைக்கதை 1970களின் நடுவிலேயே எழுதப்பட்டுவிட்டது. படமாவதற்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின.

கதையின் வேர் ஜப்பானிய வரலாற்றில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் சிற்றரசர் மோரி மோட்டோனாரி தன் மூன்று மகன்களை அழைத்து, ஓர் அம்பு ஒடியும், மூன்று சேர்ந்தால் ஒடியாது என்று ஒற்றுமையைப் போதித்ததாக ஒரு கதை உண்டு. அந்த மகன்கள் நல்லவர்களாக இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று குரோசாவா யோசித்தார். யோசனை வளர்ந்தபோது ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ வந்து சேர்ந்தது. ஆனால் லியருக்கு நாடகத்தில் கடந்தகாலம் இல்லை. குரோசாவாவின் நாயகன் ஹிடெடோராவுக்கு உண்டு. கோட்டைகளை எரித்து, குடும்பங்களை அழித்து, ஒரு சிறுவனின் கண்களைப் பறித்து ஆட்சிக்கு வந்தவன் அவன். ஆகவே மகன்களின் துரோகத்தோடு அவன் அழிவுக்கதை முடிந்துவிடுவதில்லை. விதைத்ததை அறுக்கிறான்.

பணம் கிடைக்காத ஆண்டுகளில் குரோசாவா தூரிகையைக் கையில் எடுத்தார். இளமையில் ஓவியராக விரும்பியவர் அவர். படம் எடுக்கவே முடியாமல் போனாலும் தன் மனத்தில் இருப்பதை ஓவியமாகவாவது பிறர் பார்க்கட்டும் என்ற எண்ணத்தில் ‘ககெமுஷா’வுக்கும் ‘ரானு’க்கும் நூற்றுக்கணக்கான ஓவியங்களைத் தீட்டினார். ஜார்ஜ் லூகாஸும் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவும் துணைநின்றதால் 1980இல் ‘ககெமுஷா’ வெளிவந்தது. பெரும் போர்க்காட்சிகளை வண்ணத்தில் எடுப்பதற்கு அது ஒத்திகையாக அமைந்தது. ‘ரான்’ படத்தில் மூத்த மகனின் படைக்கு மஞ்சள், அடுத்தவனுக்குச் சிவப்பு, இளையவனுக்கு நீலம். ஆயிரம் பேர் மோதும் களத்திலும் யார் எந்தப் பக்கம் என்று நமக்குக் குழப்பமே வருவதில்லை. உடைகளை வடிவமைத்த எமி வாடா ஈராண்டுக்கும் மேல் உழைத்து, ஆஸ்கரும் பெற்றார். படப்பிடிப்புக் காலத்தில் குரோசாவாவின் பார்வை வெகுவாக மங்கியிருந்தது. அந்த ஓவியங்களைப் பார்த்தே உதவியாளர்கள் காட்சிகளைச் சட்டகத்துக்குள் அமைத்தார்கள். கண் தெளிவாக இருந்த நாளில் செய்துவைத்த வேலை, கண் மங்கிய நாளில் படத்தைத் தாங்கியது.

மூன்றாம் கோட்டை எரியும் காட்சி இதற்குச் சிறந்த சான்று. ஃபூஜி மலைச்சரிவில் உண்மை அளவிலேயே அந்தக் கோட்டையை எழுப்பி, நிஜமாகவே தீவைத்தார்கள். ஹிடெடோராவாக நடித்த தட்சுயா நகாடாய் எரியும் கட்டடத்திலிருந்து வெளியே வந்து படிகளில் இறங்க வேண்டும். இரண்டாவது டேக்குக்கு வழியே இல்லை. அதற்கு முந்தைய போரில் அலறலும் ஆயுத ஓசையும் முற்றிலும் நீக்கப்பட்டு, தோரு டாகெமிட்சுவின் இசை மட்டும் ஒலிக்கிறது. ஒரு துப்பாக்கி வெடிக்கும்போதுதான் உலகத்தின் சத்தம் திரும்புகிறது. இப்படிப்பட்ட காட்சி, படப்பிடிப்புத் தளத்தில் சட்டென்று தோன்றுவதல்ல. தாளில் பலமுறை எரிந்த கோட்டைதான் திரையில் ஒரே முறை எரிந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முன்கூட்டியே எல்லாவற்றையும் வரைந்துவிட்டதால் படம் குளிர்ந்துபோனது, அவருடைய முந்தைய படமான ‘ஏழு சாமுராய்’களில் இருந்த வியர்வையும் சிரிப்பும் இதில் இல்லை என்பது ஒன்று. குறை சொல்பவர்கள் கண்டது உண்மைதான். கேமரா பெரும்பாலும் தள்ளி நிற்கிறது, முகங்கள் நெருக்கமாக வருவது அரிது. ஆனால் ஒருவன் செய்த கொடுமைகள் அவனையே வந்தடைவதைக் காட்டும் கதைக்கு அந்தத் தூரம் தேவை. அருகில் போயிருந்தால் ஹிடெடோராவுக்காக இரங்குவதோடு நாம் நின்றிருப்போம். அவனால் அழிந்தவர்களை மறந்திருப்போம். பணம் இருந்தால் யாரும் இப்படி எடுக்கலாம் என்பது இன்னொரு மறுப்பு. பணம் கோட்டையைக் கட்டித் தரும். எந்த நொடியில் ஓசையை நிறுத்துவது என்று சொல்லித் தராது.

மூன்றாவது மறுப்பு கனமானது: காத்திருப்பு நல்ல படத்தைத் தரும் என்றால், கலைஞனைப் பட்டினி போடுவதை நியாயப்படுத்துவதாகாதா? ஆகவே ஆகாது. அந்தப் பத்தாண்டுகளில் அவர் எடுத்திருக்கக்கூடிய படங்கள் உலகத்துக்குக் கிடைக்காமலே போயின. அந்த இழப்பை ‘ரான்’ ஈடுசெய்யவில்லை. புறக்கணிப்பு கலையை வளர்க்கும் என்று நான் சொல்லவில்லை; புறக்கணிப்பின் நடுவிலும் வேலையை நிறுத்தாத மனிதரின் உழைப்பைத்தான் போற்றுகிறேன்.

கடைசியில் பணம் கொண்டுவந்தவர் பிரெஞ்சுத் தயாரிப்பாளர் செர்ஜ் சில்பெர்மன். இயக்குநர் லூயிஸ் புனுவேல் 77 வயதில் எடுத்த கடைசிப் படத்தையும் தயாரித்தவர் அவரே. முதிய இயக்குநர்கள் மீது பணம் போடுவது தானமல்ல என்பதை அவர் இருமுறை நிரூபித்தார். ‘ரான்’ குரோசாவாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. அதன் பிறகும் அவர் மூன்று படங்கள் எடுத்தார். வயதைக் காரணம் காட்டி ஓர் இயக்குநரை மூலையில் உட்காரவைக்கும் முன், அவருடைய மேசையில் என்னென்ன படங்கள் தயாராக இருக்கின்றன என்று தயாரிப்பாளர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.