காணொளி விளையாட்டும் இளையோர் வன்முறையும்: சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து

முன்னுரை

இளைஞரிடையே வன்முறை நிகழும்போது கைப்பேசியில் ஆடப்படும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆய்வு முடிவுகளைக் கொண்டும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய சென்னை மேற்குப் புறநகரின் நடப்பைக் கொண்டும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுகள் கூறுவன

முரட்டுத்தனமும் வன்முறையும் ஒன்றல்ல. அமெரிக்க உளவியல் கழகம் 2020இல் நிறைவேற்றிய தீர்மானம் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துகிறது. கத்துதல், தள்ளுதல் போன்ற நடத்தைகளுக்கும் வன்முறைசார் விளையாட்டுகளுக்கும் இடையே சிறிய அளவிலான தொடர்பு உண்டு. ஆயின், கொடிய வன்முறைக்கு அவையே காரணம் எனக் கூறப் போதிய சான்று இல்லை என்பது அதன் முடிவு. 24 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த பகுப்பாய்வும் சிறிய தொடர்பையே காட்டியது. ஆக்சுபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 14, 15 வயதுடைய ஏறத்தாழ 1,000 பிரித்தானியச் சிறாரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்விலோ அத்தொடர்பும் காணப்படவில்லை.

புறநகர் காட்டும் சான்று

அம்பத்தூர், ஆவடி வழியே செல்லும் புறநகர் ரயில்களிலும் மாநகரப் பேருந்துகளிலும் ‘ரூட் தல’ எனும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. ஒரு தடத்தில் பயணிக்கும் கல்லூரி மாணவர் தமக்கெனத் தலைவன் ஒருவனை ஏற்று, பிற தடத்தாருடனும் பிற கல்லூரியினருடனும் மோதுவர். 2019 சூலையில் அரும்பாக்கத்தில் பேருந்தில் சென்ற மாணவர்கள் அரிவாளால் வெட்டப்பட்டனர். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையப் பகுதியில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் கைது செய்யப்பட்டனர்.

பப்ஜி கைப்பேசி விளையாட்டு வெளிவந்தது 2018இல். ‘பஸ் டே’ கொண்டாட்டங்களை ஒட்டிய வன்முறையால் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றிற்குத் தடை விதித்ததோ 2011இல். எனவே, இம்மோதல்கள் தோன்றவும் நிலைபெறவும் அவ்விளையாட்டு தேவைப்படவில்லை என்பது பெறப்படும். குழுப் பெருமை, பழிக்குப் பழி, மூத்த மாணவர் வழியே கைமாறும் பகை ஆகியனவே இவற்றின் வேர்கள்.

முடிவுரை

விளையாட்டுகள் தீங்கற்றவை என்பது இதன் பொருளன்று. விளையாட்டு அடிமைத்தனத்தை உலக நலவாழ்வு அமைப்பு நோய்ப்பட்டியலில் சேர்த்துள்ளது. 2022 முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. உறக்கக் கேடு, படிப்பிழப்பு, பண இழப்பு ஆகியவற்றிற்காகப் பெற்றோர் கவலை கொள்வது முறையே. ஆனால், வன்முறைக்கான பழியைக் கைப்பேசியின் மீது சுமத்தினால் உண்மைக் காரணங்கள் பார்வையினின்று மறையும். மகனின் கைப்பேசியை வாங்கி வைத்த பெற்றோர், நாள்தோறும் அவன் எந்தப் பெட்டியில், யாருடன் ஏறுகிறான் என்பதை அறியாதிருப்பின், அவனை ஆபத்திலிருந்து காத்தவர் ஆகார்.