நீலிக்கு எந்த இசை பொருந்தும்?

சூப்பர் ஹீரோ படங்களின் பின்னணி இசை ஏன் மாறிவருகிறது, அதில் தென்திருவிதாங்கூர் மண்ணுக்கு என்ன பங்கு: ஒரு விளக்கம்

கேரளத்திலுள்ள விழிஞ்ஞம் குடைவரைக் கோயில் மிகச் சிறியது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தப் பாறைக்குடைவின் ஒற்றைக் கருவறையில் இருப்பவர் வீணாதர தட்சிணாமூர்த்தி, அதாவது வீணை ஏந்திய சிவன். ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்த இந்த ஊரிலிருந்து தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் நாகர்கோவில் வரும். அங்கே பார்வதிபுரத்தை ஒட்டி இருக்கிறது கள்ளியங்காடு. இந்தப் பகுதி முழுவதும் தெய்வமானாலும் யட்சியானாலும் பாட்டோடும் தாளத்தோடும்தான் மக்கள் முன் வந்திருக்கிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி கள்ளியங்காட்டு நீலி. வஞ்சித்துக் கொல்லப்பட்டு, பழிதீர்க்கத் திரும்பி வந்தவள். 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான ‘லோகா சாப்டர் 1: சந்திரா’ மலையாளப் படத்தின் நாயகி சந்திரா இவள்தான். டொமினிக் அருண் இயக்கத்தில் துல்கர் சல்மானின் நிறுவனம் தயாரித்த அந்தப் படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நீலியாக நடித்தார். படம் உலக அளவில் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. இசையமைத்தவர் ஜேக்ஸ் பிஜாய். ஒரு நாட்டுப்புற யட்சி சூப்பர் ஹீரோ ஆகும்போது அவளுக்குப் பின்னால் எந்த இசை ஒலிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேட, இந்த வகைப் படங்களின் இசை எப்படி வளர்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எக்காளத்தில் தொடங்கிய மரபு

1978இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் ஓர் அணிவகுப்பு இசை அமைத்தார். வாசித்தது லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. ட்ரம்பெட்டுகளும் ஹார்ன்களும் முழங்க, சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும் அந்த மெட்டைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். 1989இல் டேனி எல்ஃப்மன் ‘பேட்மேன்’ படத்துக்கு இருண்ட சாயல் கொடுத்தார். ஆனாலும் பெரிய ஆர்கெஸ்ட்ரா, பித்தளைக் கருவிகள், மனதில் தங்கும் ஒரு நாயக மெட்டு என்ற இலக்கணம் மாறவில்லை. அதுவே உலகெங்கும் வாய்பாடாகப் பரவியது. நாயகன் எந்த நாட்டவனானாலும் அவன் பறக்கும்போது ஒலித்தது ஐரோப்பிய ராணுவ வாத்தியம்தான்.

வாய்பாட்டை உடைத்தவர்கள்

2008இல் ‘தி டார்க் நைட்’ படத்தில் ஹான்ஸ் ஜிம்மர் ஜோக்கர் பாத்திரத்துக்கு மெட்டே போடவில்லை. செல்லோவில் ஏறக்குறைய ஒரே சுரத்தை நீட்டி, முறுக்கி, கூசவைக்கும் அளவுக்கு இறுக்கினார். தந்திகளைச் சவர பிளேடால் உரசியும் ஒலி தேடினார். கதாபாத்திரத்தின் குணம் மெட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒலியின் தன்மையிலேயே இருக்கலாம் என்பதை அந்தப் படம் காட்டியது.

2018இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ படத்துக்கு டேனியல் பெம்பர்டன் ஆர்கெஸ்ட்ராவைப் பதிவுசெய்து, அதை இசைத்தட்டாக்கி, டிஜே ஒருவரைக் கொண்டு ஸ்க்ராட்ச் செய்யவைத்தார். நாயகன் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிச் சிறுவன். அந்தத் தெருவின் ஹிப்ஹாப்பே அவனுடைய வீர இசை ஆனது.

நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது அதே ஆண்டு வந்த ‘பிளாக் பாந்தர்’. ஸ்வீடனில் பிறந்த இசையமைப்பாளர் லுட்விக் யோரான்சன் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போய், பாடகர் பாபா மாலோடு பயணம் செய்து, அங்குள்ள கலைஞர்களைப் பதிவுசெய்தார். நாயகன் டச்சாலாவுக்கு அவர் தேர்ந்த வாத்தியம் ‘தாமா’. பேசும் முரசு என்று உலகம் அறிந்த கருவி அது. வாசித்தவர் மசாம்பா தியோப். நாயகனின் பெயரையே அந்த முரசு உச்சரிப்பதுபோல் தாளம் அமைந்தது. வில்லனுக்கு ஃபுலானி மக்களின் புல்லாங்குழல் கிடைத்தது. 2019இல் இந்த இசை ஆஸ்கர் விருது பெற்றது.

கேரளமும் தமிழகமும்

2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘மின்னல் முரளி’, பேசில் ஜோசப் இயக்கிய படம். பாடல்களில் ஷான் ரஹ்மானும் சுஷின் ஷியாமும் பங்கெடுக்க, பின்னணி இசையை சுஷின் ஷியாம் அமைத்தார். அதில் மரபை மீறிய முடிவு ஒன்று உண்டு. உருகவைக்கும் ‘உயிரே’ பாடல் போனது நாயகனுக்கல்ல, வில்லன் ஷிபுவின் காதலுக்கு. மதுரைக்காரரான குரு சோமசுந்தரத்தின் நடிப்போடு அந்த மெட்டு சேர்ந்தபோது வில்லனை வெறுக்க முடியாமல் பார்வையாளர்கள் திணறினார்கள்.

தமிழில் 2023இல் வந்த மடோன் அஷ்வினின் ‘மாவீரன்’ இன்னொரு வழியில் போனது. நாயகனுக்குக் கிடைக்கும் ஆற்றலே ஒரு குரல்தான். அவன் கதையை அவன் காதிலேயே சொல்லிக்கொண்டுபோகும் அந்தக் குரலைப் பேசியவர் விஜய் சேதுபதி. இசையமைத்தவர் பரத் சங்கர். ஒலியே சூப்பர் பவர் ஆனது நம் சினிமாவில் அரிது.

‘லோகா’வில் நீலி இன்றைய பெங்களூரில் இரவுப் பறவையாக வாழ்கிறாள். ஜேக்ஸ் பிஜாய் அவளுக்கு எலக்ட்ரானிக் தாளங்களையும் ஆங்கிலப் பாடலையும் கொடுத்தார். நகரத்து நீலிக்கு அது பொருந்தியது, இளைஞர்களும் கொண்டாடினார்கள். ஆனால் நீலிக்கு நகரத்துக்கு வரும் முன்பே ஓர் இசை இருந்தது. அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

நீலியின் சொந்த வாத்தியம்

1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டமும் விழிஞ்ஞமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தவை. தென்திருவிதாங்கூர் எனப்பட்ட இந்தப் பகுதியின் கதைப்பாடல்களை மலையாளிகள் ‘தெக்கன் பாட்டுகள்’ என்பார்கள். தமிழும் மலையாளமும் கலந்து ஓடும் அந்தப் பாடல்களில் நீலி கதையும் ஒன்று. பாடும் முறையைத் தமிழர்கள் வில்லுப்பாட்டு என்கிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம் வில்லடிச்சான் பாட்டு.

நீண்ட வில்லின் நடுப்பகுதியை மண்குடத்தின் மேல் கட்டியிருப்பார்கள். வில்லில் மணிகள் தொங்கும். தலைமைப் பாடகரான புலவர் வீசுகோலால் நாணை அடிக்கும்போது நாணும் மணியும் ஒருசேர ஒலிக்கும். ஒருவர் குடத்தின் வாயைத் தட்டியால் அடித்து அடித்தள முழக்கம் தருவார். பக்கத்தில் உடுக்கையும் ஜால்ராவும்.

இங்கே உடுக்கையைக் கவனிக்க வேண்டும். இடுங்கிய நடுப்பகுதி, இரண்டு முகங்கள், அவற்றை இணைக்கும் கயிறுகள். கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். செனகலின் தாமாவும் இதே அமைப்புதான். அதைக் கக்கத்தில் இடுக்கி அழுத்துகிறார்கள், நாம் கையால் அழுத்துகிறோம். டச்சாலாவின் பெயரைச் சொல்லி ஆஸ்கர் மேடை வரை போன முரசுக்கு நம்மிடம் இருக்கும் சகோதரி, கோயில் கொடை விழாக்களில் காலகாலமாக நீலியின் பெயரைச் சொல்லிவருகிறாள்.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் நாகர்கோவில் பகுதியில் வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்டார். இந்தக் கதைகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: தெய்வமாகவே பிறந்தவர்களின் கதை, அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின் கதை. இரண்டாவது வகையை இன்றைய திரை மொழியில் சொன்னால் அதுவே சூப்பர் ஹீரோவின் தொடக்கக் கதை. கொலை நடக்கும் கட்டம் நெருங்க நெருங்கப் பாட்டு வேகமெடுக்கும், உடுக்கை முறுகும், சாமியாடியின் உடலில் தெய்வம் இறங்கும். ஒரு சாதாரண மனிதர் ஆற்றல் பெறும் நொடியை இசை அறிவிக்கவில்லை, இசைதான் நிகழ்த்துகிறது. திரையில் பின்னணி இசை எட்ட நினைக்கும் உச்சம் இதுதான். ‘மாவீரன்’ குரல் செய்த வேலையையும் புலவர் எப்போதோ செய்துவிட்டார்: சாமியாடியின் காதுபடவே அவர்மேல் இறங்கப்போகும் தெய்வத்தின் கதையைச் சொல்கிறார்.

இந்தக் கலை திரையுலகுக்குப் புதிதுமல்ல. நாகர்கோவில் மண்ணின் மைந்தர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினார். கவிஞர் சுப்பு ஆறுமுகம் வில்லோடு உலகம் சுற்றினார், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018இல் மறைந்த வில்லிசைக் கலைஞர் பூங்கனி அம்மாள், பெண்களாலும் ஊரைக் கட்டிப்போட முடியும் என்று கொடை மேடைகளில் நிரூபித்தவர்.

இசையமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உடுக்கை ஒலியை மென்பொருளிலிருந்து எடுத்து எலக்ட்ரானிக் தாளத்தின் மேல் தூவுவது எளிது. அப்படிச் செய்தால் அது வெறும் அலங்காரமாகவே நிற்கும். யோரான்சனின் வெற்றிக்குக் காரணம் அவர் அந்த மண்ணுக்கே போனது, வாசிப்பவர்களோடு பழகியது, அவர்களுடைய வாத்தியத்தை நாயகனின் குரலாக்கியது.

‘லோகா’வின் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டுவிட்டது. கேரள நாட்டார் கதைகளின் சாத்தனும் ஒடியனும் திரைக்கு வரிசைகட்டி நிற்கிறார்கள். தமிழிலும் நாட்டார் தெய்வங்களை நாயகர்களாக்கும் எண்ணம் வலுத்துவருகிறது. இந்தப் படங்களுக்கு இசையமைக்கப் போகிறவர்கள் கொடைக் காலத்தில் ஒரு முறை விழிஞ்ஞத்திலிருந்து நாகர்கோவில் வரை வாருங்கள். இரவு முழுக்க உட்கார்ந்து வில்லைக் கேளுங்கள். பிடித்திருந்தால் அந்தக் கலைஞர்களையே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உரிய ஊதியம் கொடுங்கள், பட முடிவில் அவர்கள் பெயரைத் தனித்தனியாகப் போடுங்கள். நீலியின் கதையை இத்தனை தலைமுறை அழியாமல் காத்துத் தந்தவர்களுக்குச் சினிமா செய்ய வேண்டிய நியாயம் அது.